நாலாவது வாய்

மழைக்கும் ஒரு முகம் உண்டு.
பெரியநீலாவணையில் அது கடல் பக்கமிருந்து
சரிந்து வரும், வாடையைக் கூட்டிக்கொண்டு.
ஆகையால் கிழக்குச் சுவர் கூடாது.
வடக்கும் கூடாது.
குசினிப் புகைபோக்கிக்குப் பக்கத்தில்
வைக்கச் சொன்னால்
நான் ஏணியை மடித்துவிடுவேன்.

மேற்குச் சுவர். தாழ்வாரத் தகரத்துக்குக் கீழே,
பீலியிலிருந்து ஒரு முழம் தள்ளி.
என் கை எட்டவேண்டும்,
பொடியன்களின் பந்து எட்டக்கூடாது.
கச்சான் அடிக்கும்தான்.
அது காயவைக்கும், நனைக்காது.

பவளராணி அக்கா வீட்டில் சுவிட்சைக்
கூரைக்கு மேலே, டிஷ்ஷின் காலோடு கட்டியிருந்தார்கள்,
ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து.
மூன்று கச்சான் கண்ட டப்பா.
தொட்டேன், பப்படம்.
உள்ளே எறும்பு முட்டை, பல்லியின் முள்ளந்தண்டு,
பச்சை பூத்த செம்பு.

"போன மாரியில படம் கட்டங்கட்டமா உடைஞ்ச.
மறுகா மகன்ட அறை போயிற்று.
இப்ப ஹோல்லயும் இல்ல, பின்னறையிலயும் இல்ல.
முந்தி வந்தவர் சிலிக்கன் பூசினாரே, தம்பி?"

பூசியிருந்தார், தாராளமாக.
பூசும்போது வினாகிரி மணக்கிற சாதி.
சன்னல் கண்ணாடிக்கு நல்லது,
செம்பைத் தின்னும்.

உள்ளே வருவது இரண்டு வயர்.
வெளியே போவது,
அக்கா சொன்ன கணக்குக்கு மூன்று.
நான் எண்ண, நாலு.

நாலாவது வாயில் சைக்கிள் டியூப்,
வரிவரியாய் இறுக்கிச் சுற்றி,
மேலே மெழுகுதிரி உருக்கி ஊற்றி,
அதற்கும் மேலே வலை பின்னும் நைலோன் நூல்.
வயருக்கு மதிலின் நிறத்திலேயே பெயின்ட்.
அது கூரையால் இறங்கி, மதிலேறி,
முருங்கைக்குள் நுழைந்து
அந்தப் பக்கம் போயிற்று.

அந்த மதிலை எனக்குத் தெரியும்.
இரண்டு முழ நிலத்துக்காக
ஆறு வருசமாய்க் கல்முனைக் கோட்டுக்கு
ஏறி இறங்குகிற மதில்.
அப்பால் அவவின் தங்கச்சி வீடு.
செத்தவீட்டுக்கும் போக்குவரத்தில்லை.

"அக்கா, இது?"
ஏணியில் நின்றபடி கேட்டேன்.
அவ கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கத் தொடங்கினா,
ஈரம் சொட்டச் சொட்ட.
"அது கிடக்கட்டும்."
பிறகு, ஒரு சட்டையைப் பிழிந்துகொண்டே,
"தண்ணி மட்டும் போகாமப் பாருங்க."

புதுப் பெட்டியை மேற்கில் அடித்தேன்.
வாயெல்லாம் கீழ்நோக்கி.
ஒவ்வொரு வயரும் நுழையுமுன்
ஒருதரம் தாழ்ந்து பிறகு ஏறவேண்டும்,
அந்த வளைவின் அடியில்
துளி தன் பிடியை விட்டுவிடும்.
பெட்டியின் அடியில் ஒரு துளை போட்டேன்.
இதைச் சனம் நம்பாது,
வந்து வந்து அடைத்துவிட்டுப் போகும்.
முழுக்க மூடினால்
பெட்டி தனக்குள்ளேயே வேர்க்கும்.

மூன்று கனெக்டரை வெட்டி எறிந்தேன்.
நாலாவதை அவிழ்க்கக் கால் மணித்தியாலம்.
சுற்றியிருந்தது மேலிருந்து கீழே.
பிழை. ஓடு வேய்கிற மாதிரி
கீழிருந்துதான் மேலே வரவேண்டும்.
ஆனாலும் மெழுகு உரிய, டியூப் கழல,
உள்ளே
கடையில் வாங்கிய அன்றைய மினுக்கம்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மத்தியானமாகிவிட்டது,
கீழே நிப்ராஸ் பசிக்குது எண்டு கத்தினான்.

அதைப் புதுப் பெட்டியில் முடுக்கி,
என் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து
கீழிருந்து மேலே சுற்றினேன்.
டேப்புக்கு மேலே
அவவின் டியூப்பையும் சுற்றிவிட்டேன்.
தேவையில்லைதான்.

ஹோலில் படம் வந்தது, மகனின் அறையிலும்.
பின்னறை கொஞ்சம் அடம்பிடித்து வந்தது.
நாலாவதைச் சோதிக்க வழியில்லை.

"பில்லில மூண்டு எண்டு எழுதுங்க.
அவர் பாப்பார்."
மூன்று எழுதினேன்.
எண்ணூறு ரூபாயைத் தனியே மடித்துத் தந்தா.

சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டிருக்க,
மதிலுக்கு அப்பால் டீவிச் சத்தம்
திடீரெனப் பெருத்தது.
உடனே ஆரோ குறைத்தார்கள்.